ருக்மணி மறுபடி வாசித்த ஓரோர் கதைகள்

ருக்மணி தந்தீன் எந்தப் புத்தகத்தையும் கடைசியிலிருந்துதான் திறப்பார். இஸ்திரிப் பெட்டியின் சூடு பார்க்கிறவர்களைப்போல ஆள்காட்டி விரலை உதட்டில் ஒற்றிக்கொண்டு, பின் அட்டையைத் தூக்கி, கடைசி அத்தியாயத்தின் தலைப்பு வரும்வரை பின்னோக்கிப் புரட்டுவார். அடுக்குக்கு முன்னால் நின்றபடியே வாசிப்பார். உதடு அசையும், சத்தம் வராது. ஓரிடத்தில் உதடு நின்றுவிடும். உடனே புத்தகத்தை மூடிவிடுவார். சிலவற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். சிலவற்றை எடுத்த இடத்திலேயே தலைகீழாகச் செருகி, முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார், வம்பு செய்த பிள்ளையை வெளியே அனுப்புகிறவர்போல.

1966-ல் நான் எங்கள் தீவின் மேட்டு ஊரான கியூர்பிப்பில் ஒரு நூலகத்தில் உதவியாளனாக இருந்தேன். வியாழக்கிழமைப் பிற்பகல்களில் அவர் வருவார். கன்னிமாடத்து விடுதி ஒன்றில் துணி இஸ்திரி போடும் வேலை. வியாழன் மதியத்துக்கு மேல் ஓய்வு. எங்கள் ஊரில் வயதில் மூத்த பெண்களை, உறவோ இல்லையோ, தந்தீன் என்றுதான் கூப்பிடுவோம். அத்தை, சித்தி எல்லாருக்கும் தீவின் பேச்சுமொழியான க்ரெயோலில் அந்த ஒரு சொல் போதும்.

பெரியவர்களுக்கான அடுக்குகளை அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. நேராகச் சிறுமிகளுக்கான பகுதிக்குப் போய், சிவப்பு அட்டை போட்ட ஓரோர் கதைகளின் முன்னால் நிற்பார். ஓரோர் என்பது அவற்றில் துப்பறியும் பதினாறு வயதுப் பெண்ணின் பெயர். அவளுக்கு ஒரு சைக்கிள், ஒரு டார்ச் விளக்கு, எதற்கெடுத்தாலும் பயப்படும் ஒரு தோழி. பூட்டிய அறையில் யாரோ நடப்பார்கள், பாழடைந்த வீட்டில் வெளிச்சம் தெரியும், பரம்பரை நகை காணாமல் போகும். கடைசியில் ஓரோர் எல்லாரையும் வரவேற்பறையில் உட்காரவைத்து விளக்கம் சொல்லுவாள். அந்தக் கதைகளில் பேய் என்று ஒன்று கிடையாது. எல்லாப் பேயும் யாரோ ஓர் ஆள்தான்.

"உன் துப்பறியும் நிபுணர் வந்தாச்சு. இன்னைக்கு யாரைப் பிடிக்கப் போறாரோ!" என்பாள் ஷான்தால். புத்தகம் பதிந்து கொடுக்கும் மேசை அவளுடையது. "நாற்பது வயசுல குழந்தைப் புத்தகம். நீ இருபத்திரண்டு வயசுல கவிதை. இந்த மழை ஊருக்கு நல்ல பொருத்தம்தான் நீங்க ரெண்டு பேரும்."

வெள்ளிக்கிழமை காலையில் தலைகீழ்ப் புத்தகங்களை நிமிர்த்தி வைப்பது என் வேலை. வைத்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றின் கடைசிப் பக்கங்களைப் படித்தேன். பிறகு இன்னொன்று. ஒன்றில் குற்றவாளி சமையல்காரி. இன்னொன்றில் பிள்ளை பார்க்கும் தாதி. அடுத்ததில் தோட்டக்காரன், அதற்கும் அடுத்ததில் கப்பலிலிருந்து இறங்கிய 'கருத்த முகத்து' வேலையாள். அவர் வீட்டுக்கு எடுத்துப்போன புத்தகங்களை அவை திரும்பி வந்தபோது பார்த்தேன். அவற்றில் மாட்டிக்கொண்டவர்கள் வக்கீல், சித்தப்பா, பழம்பொருள் வியாபாரி.

கேட்கவேண்டும் என்று பல வாரம் நினைத்தேன். கடைசியில் அவரே ஆரம்பித்தார். ஒரு வியாழன் மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக முடியாமல் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, நான் விரித்து வைத்திருந்த புதுக்கவிதைத் தொகுப்பைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, வரியெல்லாம் பாதியிலயே நிக்குது? அச்சாபீசுல மை தீர்ந்துபோச்சா?"

"அப்படித்தான் எழுதுவாங்க, தந்தீன்."

"நல்லதுதான். மிச்சத்தை நாம நிரப்பிக்கலாம். ஓரோர் அப்படி விடமாட்டா. எல்லாத்தையும் அவளே நிரப்பிடுவா."

"நீங்க சில புத்தகத்தைத் தலைகீழா வைக்கிறீங்க."

"பார்த்துட்டியா?" என்று சிரித்தார். சிரிக்கும்போதும் கண் அடுக்கின் மேலேயே இருந்தது. "இருபது வருஷத்துக்கு முன்னால இதையெல்லாம் ஒரு பிள்ளை எனக்குப் படிச்சுக் காட்டுச்சு. அப்ப எவ்வளவு ஆசையாக் கேட்டேன் தெரியுமா? நாலு பக்கம் தாண்டறதுக்குள்ள, 'சமையல்காரிதான்!'னு நான்தான் முதல்ல கத்துவேன். சரியாவும் இருக்கும். நானே அந்த வீட்டு வேலைக்காரி. ஒரு தடவைகூட உறைக்கல."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். க்ரெயோலில்தான் பேசுவார். சாமி பற்றி வரும்போது மட்டும் தமிழ்ச் சொற்கள் விழும்.

தெற்கே ஒரு கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் பிறந்தவர். அப்பா மருதை கரும்பு வெட்டுகிறவர். 1937-ல் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வந்தபோது முன்னால் போய் நின்றவர்களில் ஒருவர். அதன்பின் அந்தத் தோட்டத்தில் அவருக்கு இடமில்லை. மகள் வளர்ந்ததும் கியூர்பிப்பில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்கு நேநேனாக, அதாவது பிள்ளை பார்க்கிறவளாக, வந்து சேர்ந்தாள்.

பெரிய மர வீடு. மூங்கில் வேலி. மதியமே மூடுபனி இறங்கிவிடும் தெரு. வீட்டு எஜமானி மதாம் எவெலின். ஒரே மகள் ஒதில், பத்து வயது, எப்போதும் நெஞ்சுச் சளி. பள்ளிக்கூடம் போகிற நாளைவிடக் கம்பளிக்குள் கிடக்கிற நாள்தான் அதிகம். படுத்துக்கொண்டே ஓரோர் கதைகளைப் படிப்பாள். துப்பறிகிறவளுக்குத் தோழி வேண்டுமே; அதற்காக ருக்மணிக்கு பிரெஞ்சு எழுத்து சொல்லிக்கொடுத்தாள். சாப்பாட்டு மேசையில் சர்க்கரை குறைந்தாலும், பூனை நனைந்து வந்தாலும், இரண்டு பேரும் விசாரணைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

1948-ல் தைப்பூசத்துக்கு முன்னால் ருக்மணி காப்புக் கட்டினாள். அப்பாவின் காலில் ஆறாத புண். பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, ஒரு வேளைச் சோறு, தரையில் பாய், வெறுங்கால். மதாம் அனுமதி கொடுத்தார். கொடுத்ததோடு விடவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு கேட்பார்.

"மீன் கிடையாதா?"

"கிடையாது மதாம்."

"முட்டை?"

"அதுவும் இல்லை மதாம்."

"அந்தக் கற்பூரத்தை எந்தப் பக்கம் பார்த்துக் கொளுத்துவாய்?"

"சூரியன் வர்ற பக்கம், மதாம்."

"யாருக்காக இதெல்லாம்?"

"அப்பாவோட காலுக்கு."

"பலிக்குமா?"

"கேட்டவங்களுக்குக் கிடைக்குது மதாம்" என்றாள் ருக்மணி. பட்டினி கிடந்து வேலையைக் கெடுத்துவிடுவாளோ என்று மதாம் பயப்படுகிறார். அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். போதாததற்கு அந்த மாதம் மதாமுக்கு நீளக் கைச் சட்டைகளாகத் தேய்க்கவேண்டியிருந்தது. மழைக் காலத்தில் அவை காயவே காயாது என்று என்னிடம்கூடக் குறைப்பட்டுக்கொண்டார் தந்தீன்.

விரதம் தொடங்கிய சில நாளில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

மாடியில் ஓர் அறை உண்டு. வீட்டுக்காரரின் தாயார் இறந்துபோன அறை. பூட்டு கிடையாது, ஆனால் யாரும் கதவைத் திறப்பதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடு முழுக்கக் கண்ணயரும் நேரம். மழை ஓட்டில் விழுந்துகொண்டிருக்கும். ருக்மணி கீழே, சாமான் அறையில் பாயில் கிடப்பாள். பட்டினியில் தூக்கமும் விழிப்பும் கலந்த ஒரு நிலை. அப்போது அவள் தலைக்கு நேர் மேலே பலகை ஒன்று மெல்ல இறங்கி ஏறும். அடுத்த பலகை. பிறகு ஒன்றுமே இல்லை. யாரோ நடந்துபோய் ஒரு மூலையில் நின்றுவிட்டதுபோல. திரும்பி வருகிற சத்தத்தைக் கேட்கக் காத்திருப்பாள். கேட்பதற்குள் கண் மூடிவிடும்.

"பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"முதல்ல இல்ல. ஒதில்தான் துள்ளிக் குதிச்சா. நிஜமாவே ஒரு மர்மம் வந்துருச்சே!"

ஒதில் தடயம் தேடினாள். கிடைக்கவும் செய்தது. அந்த அறைக் கதவின் வெள்ளைப் பீங்கான் குமிழில் ஒரு மஞ்சள் தீற்றல். அதே வாரம் அவளுடைய ஞானஸ்நான வெள்ளிப் பதக்கம் பெட்டியிலிருந்து மறைந்தது. பிறகு, குழந்தையில் அவளுக்குக் கஞ்சி ஊட்டிய சின்ன வெள்ளிக் கரண்டி. ருக்மணியிடம் ஒதிலுக்குத் தெரியாத ஒரு தடயமும் இருந்தது. அவளுடைய தகரப் பெட்டியில் கற்பூரம் குறைந்துகொண்டே வந்தது. அவள் கொளுத்தியதைவிட வேகமாக.

"மாவு தூவலாம். ஓரோர் மணிக்கூண்டுக் கதையில் அப்படித்தான் செய்வாள்" என்றாள் ஒதில்.

மாடிப்படி முடிகிற இடத்தில் இருவருமாக மாவு தூவினார்கள். ஒதில் போய்ப் படுத்துக்கொண்டாள். ருக்மணியும் பாயில் சாய்ந்தாள். விழித்திருக்கவேண்டும் என்றுதான் இருந்தாள். விழித்தபோது மழை விட்டிருந்தது. மேலே போய்ப் பார்த்தாள். மாவில் வெறுங்கால் தடம். சின்னது, குதிகால் ஒடுங்கியது, அந்த அறையை நோக்கிப் போயிருந்தது.

அந்த வீட்டில் வெறுங்காலோடு நடக்கிறவர்கள் வேலைக்காரர்கள் மட்டுமே. சமையல்காரர் லூயிக்குப் படகு மாதிரிப் பாதம். தோட்டக்காரர் மாடி ஏறுவதே இல்லை. எஜமானர்கள் படுக்கையிலிருந்து இறங்கும்போதே செருப்புக்குள் இறங்குவார்கள்.

"உன் காலை வை" என்றாள் ஒதில்.

வைத்தாள். தடம் சரியாகப் பொருந்தியது.

"நீதான் ருக்மணி!" ஒதில் கைதட்டினாள். அவள் முகத்தில் கோபமே இல்லையாம், அவ்வளவு சந்தோஷமாம். "நீ தூக்கத்தில் நடக்கிறாய். உனக்கே தெரியாது. ஒரு கதையில் தாதி அப்படித்தான் நடப்பாள், நினைவிருக்கா?"

ருக்மணி தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். மாவு ஒட்டியிருந்தது. இப்போது ஒட்டியதா, முன்பே ஒட்டியிருந்ததா என்று சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் ஒதில் நாற்காலி மேல் ஏறி நின்றாள். "குற்றவாளி இந்த அறையிலேயே இருக்கிறார்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளுடைய மாமா ஆன்றி, "நான்தான், என்னை விலங்கு போட்டுக் கூட்டிப்போ" என்று கையை நீட்டினார். ஒதில் சிரிக்கவில்லை. மஞ்சள், கற்பூரம், வெறுங்கால், மாவு என்று புத்தகத்தில் உள்ளபடியே வரிசையாகச் சொன்னாள். ருக்மணி சூப்புப் பாத்திரத்தோடு வாசலில் நின்றிருந்தாள். சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. மதாம் எவெலினின் முகம் மேசைத்துணிபோல வெளுத்தது.

"போலீஸ் வேண்டாம்" என்றார் மதாம். "இவளை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்."

தகரப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தார்கள். பதக்கமும் இல்லை, கரண்டியும் இல்லை. ருக்மணி மறுக்கவும் இல்லை.

"ஏன் தந்தீன்? நான் எடுக்கலன்னு சொல்லியிருக்கலாமே."

"எடுக்கலன்னு எனக்குத் தெரிஞ்சாத்தானே தம்பி சொல்ல?" என்றார். அந்த ஒரு கேள்வியோடுதான் அவர் இருபது வருடம் வாழ்ந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பால்குடத்துக்கு முன்னாலேயே காப்பை அவிழ்த்தாயிற்று. திருட்டுக் கையில் காப்பு இருக்கலாமா? அப்பாவின் கால் ஆறவில்லை. அடுத்த கரும்பு அறுவடைக்கு அவர் இல்லை. நற்சான்று இல்லாதவளை எந்த வீட்டிலும் சேர்க்கவில்லை. தலைநகர் போர் லூயிக்குப் போய், அங்கே டிராங்கெபார் என்ற குடியிருப்பில் துறைமுகத் தொழிலாளி முனிசாமியைக் கட்டிக்கொண்டார். கல்யாணமான முதல் வாரத்தில் காலில் சலங்கைக் கயிறு ஒன்று கட்டிக்கொண்டு படுத்தார்.

"எதுக்குடி இது, ஆடப் போறியா?" என்று கேட்டாராம் முனிசாமி.

"நான் எழுந்து நடந்தா நீ முழிச்சுக்கணும்."

"நீயா நடக்கிற? கட்டை மாதிரி தூங்கறே."

"நீயும் தூங்கிட்டா அது எப்படித் தெரியும்?"

முனிசாமி இறக்கும்வரை சலங்கை சத்தம் கேட்டதாக ஒரு நாளும் சொன்னதில்லை. தந்தீனுக்கு அது போதவில்லை. ஒருவேளை அது விரதத்தில் மட்டும் வருகிற நடையோ? அதனால் விரதத்தையே விட்டார். தைப்பூசத்தன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். கணவர் போனபின் மறுபடி கியூர்பிப்புக்கு வந்தவர், நூலகத்தின் கண்ணாடி வழியாக அந்தச் சிவப்பு அட்டைகளைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

"ஓரோர் ஒரு தடவையாவது தப்பாச் சொல்லியிருக்காளான்னு தேடறேன்" என்றார். "எல்லாத்தையும் படிச்சாச்சு. அவ தப்பே பண்ணல. யார் வீட்டுக்குள்ள நுழைஞ்சாலும் கேட்பாரில்ல. நான் அப்படி நுழைஞ்சா நாயை அவுத்து விடுவாங்க. அப்புறம் பாரு, காணாம போறது எப்பவுமே அவங்க நகைதான். வேலைக்காரி காணாம போனா அது மர்மமில்ல. கடைசிப் பக்கத்துக்கு அப்புறம் அந்தச் சமையல்காரி எங்க போனா? ஓரோர் கேட்டாளா? கேட்கமாட்டா. அதுக்குள்ள அடுத்த புத்தகத்துக்குச் சைக்கிள்ல போயிருப்பா."

1967-ல் சுதந்திரம் வரப்போகிறது என்ற பேச்சு வலுத்தபோது வெள்ளைக்காரக் குடும்பங்கள் பல தென்னாப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பின. ஜூன் மாதம் ஒரு பெண் காரில் வந்து, ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்தார். முப்பதை நெருங்கியவர், உயரம், அடிக்கடி இருமல். பெட்டி முழுக்க ஓரோர் கதைகள். உள்ளட்டையில் குழந்தைக் கையெழுத்தில் ஒதில் என்று இருந்தது. அம்மா மூன்று வருடம் முன்பே இறந்துவிட்டதாகவும், வியாழக்கிழமை வீட்டுச் சாமான்கள் ஏலம் போவதாகவும் ஷான்தாலிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தந்தீனிடம் சொன்னேன். "நீயும் வா தம்பி. தனியாப் போனா உள்ள விடமாட்டாங்க" என்றார்.

ஏலம் என்பதால் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். மூடுபனி திறந்த கதவுகள் வழியாக வீட்டுக்குள்ளும் வந்திருந்தது. நாற்காலிகளும் நிலைக்கண்ணாடிகளும் வராந்தாவில் நின்றன. ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு துண்டு வெள்ளை வானம். ஒதில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். தந்தீனை முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ருக்மணி! என் உதவியாளர்! கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டதாக அம்மா சொன்னார்."

"கல்யாணம் அப்புறமா ஆச்சு, மாம்செல்."

"நாம் ஒரு மர்மம் கண்டுபிடித்தோமே, மாவெல்லாம் தூவி! மேலே யாரோ நடந்தார்கள். கடைசியில் யார் என்று கண்டுபிடித்தோம்? எனக்கு மறந்தே போய்விட்டது."

"நான்தான்னு கண்டுபிடிச்சோம், மாம்செல்."

"ஆமாம்! ஆமாம்!" ஒதில் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நின்றபோது முகத்தில் சிரிப்பு இல்லை. "அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. மேல போய்ப் பார்க்கலாமா?"

மாடியில் அந்தக் கதவு திறந்துகிடந்தது. இரண்டு ஆட்கள் பெரிய அலமாரி ஒன்றை அப்போதுதான் நகர்த்தி வெளியே தூக்கிக்கொண்டிருந்தார்கள். அலமாரிக்கும் கிழக்குச் சுவருக்கும் நடுவே, ஒரு ஆள் நிற்கக்கூடிய இடைவெளி இருந்திருக்கிறது. அங்கே தரைப்பலகையில் ஒரு கரிய வட்டம். நடுவில் கருகி, ஓரத்தில் புகை படிந்து, பலமுறை எரிந்த இடம். சுவரின் மரச்சட்டத்தில், இடுப்பு உயரத்தில், பழுத்த இலையின் நிறத்தில் விரல் தீற்றல்கள். கற்பூர வாசனை வந்ததாக எனக்குத் தோன்றியது. இத்தனை வருடம் கழித்து வந்திருக்க முடியாது.

தந்தீன் செருப்பைக் கழற்றினார். யாரும் சொல்லாமலே அந்த வட்டத்துக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து நின்றார். அவர் நின்றதும் ஒரு பலகை மெல்ல இறங்கியது.

"இங்கதான் நின்னிருக்கேன்" என்றார். குரல் மாறியிருந்தது. "காலுக்கு ஞாபகம் இருக்கு தம்பி. இந்தப் பலகை குளிரும். இதோ, குளிருது."

"தந்தீன், வேற யாராவது..."

"யாரு? லூயியா? அவன் மாதா கோயிலுக்குப் போறவன். இந்த வீட்டுல என்னை விட்டா சாமிக்குக் கற்பூரம் ஏத்த யாரு இருக்கா, சொல்லு."

நான் யோசித்துப் பார்த்தேன். யாரும் இல்லை. நாங்கள் பிறந்ததிலிருந்து தெரிந்த கணக்கு அது. கற்பூரம் எரிந்த இடத்தில் தமிழர் இருந்திருப்பார். மஞ்சள் இருக்கிற இடத்தில் தமிழ்ப் பெண். ஓரோர் வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள். சுவரைப் பார்த்து நின்ற தந்தீனின் கை, தீபம் காட்டுவதுபோல, தானாக ஒரு சுற்றுச் சுற்றியது. நான் வெளியே வந்துவிட்டேன்.

அதன்பிறகு அவர் நூலகத்துக்கு வரவில்லை. இரண்டு வியாழன் பார்த்துவிட்டு, ஒதிலின் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். தேநீர் கொடுத்தார். புத்தகத்தைத் தொடவில்லை.

"இனிமே தேட வேண்டாம்பா. தெரிஞ்சு போச்சு" என்றார். "சலங்கையையும் கழட்டிட்டேன். இருபது வருஷமா பாதித் திருடியா இருந்தேன். அது ரொம்பக் கஷ்டம். முழுத் திருடியா இருக்கிறது எவ்வளவோ தேவலை. ஆனா அந்தப் பதக்கத்தை எங்க வச்சேன்னு மட்டும் வரமாட்டேங்குது."

அந்த அறையின் நடுவே நடந்ததாக இப்போதெல்லாம் அவருக்குக் கனவு வந்தது. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தெளிவாக. முதலில் குமிழ், பிறகு அலமாரியின் ஓரம், பிறகு கையில் வெள்ளியின் சில்லிப்பு. மதாம் எவெலினைப் பற்றிப் பேசும்போது கை கூப்பினார். "நல்ல மனுஷி. என்னைப் போலீசுல கொடுக்கல. அவங்க மகளோட பொருளை எடுத்தவளை."

அக்டோபரில் சளி நெஞ்சில் இறங்கி, விடுதிக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்து, சில நாளில் போய்விட்டார். நானும் விடுதியிலிருந்து இரண்டு பெண்களும் சுடுகாட்டுக்குப் போனோம். மழை.

அடுத்த தைப்பூசம், சுதந்திரத்துக்கு முந்தின மாதம். வடக்கே ட்ரியோலேயில் என் பெரியப்பா மகன் ஆறுமுகம் காவடி எடுத்தான். துணைக்குப் போயிருந்தேன். அங்கே சின்னக் கோயில் ஒன்றில், பெண்களுக்குக் காப்புக் கட்டுவதையும் குடத்தில் பால் நிறைப்பதையும் வெகுகாலமாகப் பார்த்துவருகிறவர் சின்னம்மா என்ற கிழவி. பால்குட வரிசையில் ஆப்பிரிக்க வம்சத்து க்ரெயோல் பெண் ஒருத்தியைப் பார்த்து யாரோ ஆச்சரியப்பட்டபோது, சின்னம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"இதுக்கே வாயைப் பொளக்கறியே! வெள்ளைக்காரியே வந்திருக்கா இந்தக் கோயிலுக்கு. கியூர்பிப்பிலிருந்து. அவ ஊர்ப் பக்கத்துக் கோயிலுக்குப் போனா நாலு பேர் பார்ப்பாங்கன்னு இவ்வளவு தூரம் வாடகைக் கார்ல வருவா. பெரிய சண்டை முடிஞ்சு ரெண்டு மூணு வருஷம் இருக்கும், அப்பத்தான் முதல்ல வந்தது. பிள்ளைக்கு நெஞ்சுல சளி, பிழைக்காதுன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்களாம். நான்தான் காப்புக் கட்டினேன். சட்டைக் கைக்குள்ள இழுத்து மறைச்சுக்கிட்டா. கடைசி நாள் செருப்பைக் கழட்டிட்டு நடந்தா பாரு, பச்சைப்பிள்ளை கால் மாதிரி. ஒரு வெள்ளிப் பதக்கமும் குட்டிக் கரண்டி ஒண்ணும் உண்டியல்ல போட்டா. பிள்ளை பிழைச்சுருச்சு. அதுலேருந்து வருஷம் தவறாம வருவா. நாலு வருஷமாத்தான் காணோம்."

அர்ச்சனைக்கு என்ன பெயர் சொல்வார் என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்கறே. முதல் தடவை ஐயர் பேர் கேட்டப்ப ரொம்ப நேரம் முழிச்சா. அப்புறம் ஒரு பேர் சொன்னா. வருஷா வருஷம் அந்தப் பேருக்கேதான் அர்ச்சனை. ருக்மணின்னு."